ஐந்து திரை, ஒரே பெட்டி: டர்பன் கோயில் அலுவலகம் ஒன்றின் மின்னஞ்சலைச் சீராக்கிய வேலைக்குறிப்பு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் உள்ள ஒரு கோயில் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். அதைத் திறக்கும் இடங்கள் ஐந்து: அலுவலக மேசைக் கணினி, செயலாளரின் மடிக்கணினி, பொருளாளரின் ஆண்ட்ராய்டு போன், குருக்களின் ஐபேட், அவசரத்துக்கு எங்கிருந்தும் பிரவுசரில் திறக்கிற வெப்மெயில். முகவரி கோயிலின் சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) இருக்கிறது. ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம், உள்ளே மெயிலை வைத்துக் கொடுக்கும் டவ்காட் சர்வர், பெட்டிக்கு 5 ஜிபி இடம்.

வந்த புகார் மூன்று. போனில் இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில் ஒன்றுகூட இல்லை. ஒருவர் அனுப்பிய பதில் மற்றவருக்குத் தெரிவதில்லை. ஐபேடில் அழித்தது கணினியில் அப்படியே கிடக்கிறது. இரண்டாவது புகார்தான் பெரிய வினையாகிப்போனது. தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு மண்டபத்தை இரண்டு குடும்பங்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு பதில் மேசைக் கணினியிலிருந்து போயிருந்தது, மற்றது மடிக்கணினியிலிருந்து. இரண்டு பேருமே பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது ஒரே பெட்டியை அல்ல என்பதுதான் சிக்கல்.

"இரண்டு வாரம்" என்ற கணக்கே பாதி நோயைச் சொல்லிவிட்டது. தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில், மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் கணக்கு சேர்த்தால், மெயிலை இறக்கிக்கொண்டபின் சர்வரில் 14 நாள் விட்டுவைத்து அப்புறம் அழிப்பதுதான் அதன் இயல்பு அமைப்பு. மேசைக் கணினியில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் திறந்து பார்த்ததும் அது உறுதியானது: மேலே "பாப் மெயில் சர்வர்", கீழே "லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்" பெட்டியில் டிக், அதன் கீழே 14. மற்ற மூன்று கருவிகளும் மெயிலைச் சர்வரில் வைத்தே பார்க்கும் ஐமேப் முறை. ஆக, நான்கு பேர் ஒரே தொட்டியிலிருந்து மொண்டுகொண்டிருக்க, ஒருவர் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை வடித்து வீட்டுக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தார். அந்தக் கணினியிலிருந்து அனுப்பிய பதில்களோ சர்வருக்கு வந்ததே இல்லை. பாப் முறைக்கு இன்பாக்ஸைத் தவிர வேறு ஃபோல்டர் தெரியாது. சென்ட் ஃபோல்டர் அந்த வன்தட்டோடு நின்றுவிட்டது.

ஐமேப்பை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கியபோதே அதன் எண்ணம் வேறு: மெயில் சர்வரிலேயே இருக்கும், கருவி அதை எட்டிப்பார்க்கும் ஜன்னல் மட்டும். இந்த வேலை முழுவதும் அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எது உண்மையான பெட்டி என்ற கேள்விக்குச் சர்வர் என்ற ஒரே பதில்தான் இருக்க வேண்டும். எந்தக் கருவியாவது அதற்கு வேறு பதில் சொன்னால் அந்தக் கருவியைத்தான் திருத்த வேண்டும்.

தொடுவதற்கு முன்

முதல் நாள் மாலை எதையும் மாற்றவில்லை, நகல் எடுப்பது மட்டுமே. மேசைக் கணினியில் ஹெல்ப், ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், புரொஃபைல் ஃபோல்டர் என்று போனால் தண்டர்பேர்டின் முழுக் கிடங்கும் திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்பக் கூடாது.

இங்கே முதல் தடங்கல். அலுவலகத்தில் இருந்த பென் டிரைவில் 32 ஜிபி இடம் காலியாக இருந்தும் நகல் பாதியில் நின்றது. காரணம், இன்பாக்ஸ் என்பது வன்தட்டில் ஒரே கோப்பு. உள்ளே இருந்த எல்லா மெயிலும் சேர்ந்து 3.1 ஜிபிதான், கோப்போ 5.2 ஜிபிக்கு வீங்கியிருந்தது. தண்டர்பேர்டில் அழித்த மெயில் உடனே கோப்பை விட்டுப் போகாது, காம்பேக்ட் செய்தால்தான் போகும். அது கேட்கும்போதெல்லாம் "வேண்டாம்" என்று அழுத்தி வந்திருக்கிறார்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றியதும் ஏறியது. முதலில் காம்பேக்ட் செய்து சிறிதாக்கி அப்புறம் நகலெடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். காம்பேக்ட் என்பது முழுக் கோப்பையும் திரும்ப எழுதுகிற வேலை. டர்பனில் எப்போது மின்சாரம் போகும் என்று சொல்ல முடியாது. லோட் ஷெடிங் (முன்கூட்டி அறிவிக்கும் மின்வெட்டு) அட்டவணை இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, துணைநிலையக் கோளாறு என்று போகிறது. திரும்ப எழுதும் நடுவில் நின்றால் கோப்பு உடையலாம். நகல் முதலில், காம்பேக்ட் பிறகு, இரண்டுக்கும் யூபிஎஸ் போட்டிருக்க வேண்டும். ரூட்டருக்கும் அதே யூபிஎஸ்ஸில் இடம் கொடுங்கள்.

இன்னொன்று கண்ணில் பட்டது. சென்ட் ஃபோல்டரின் அடியில் சில கடிதங்கள் பல ஆண்டுக்கு முந்தைய ஜனவரி 1 என்ற தேதியோடு கிடந்தன, உள்ளே பேசியதோ போன மாதத்துக் காவடி ஏற்பாடு. மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்திருந்தது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடும், அது திருந்துவதற்குள் அனுப்பிய மெயிலில் தவறான தேதியே முத்திரையாகிவிடும். பெறுகிறவர் பெட்டியிலும் அது அடியில் போய்ப் புதைந்திருக்கலாம், பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குறியாக்கிய இணைப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல்: கடிகாரம் மிகவும் பின்தங்கினால் சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கணினி நினைத்து இணைப்பையே மறுக்கும். சிஆர்2032, 3 வோல்ட் பேட்டரி ஒன்று. பவர் வயரைப் பிடுங்கி, பக்கத் தகட்டைத் திறந்து, உலோகக் கொக்கியை விரலால் தள்ளினால் பழையது துள்ளி வரும். கூட்டல் குறி மேலே பார்க்கப் புதியதை வைத்து, பயோஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் மெயில் வரிசையைச் சீராக்கப் போகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மடிக்கணினியில் பழைய அவுட்லுக். அதை எடுத்துவிட்டு அங்கேயும் தண்டர்பேர்ட் போடுவது என்று முடிவானது. அவுட்லுக் 2013 முதல் ஐமேப் கணக்குக்கு சென்ட், டிராஷ் ஃபோல்டர்களை நாம் தேர்ந்தெடுக்க வழியில்லை, அதுவே ஊகித்துக்கொள்ளும். விண்டோஸில் வரும் புதிய அவுட்லுக்கோ ஐமேப் கணக்கைச் சேர்க்கும்போது மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு இணைக்க ஒப்புதல் கேட்கும், அதாவது உறுப்பினர்களின் கடிதங்களின் நகல் இன்னொரு இடத்திலும் போய்ச் சேரும். கோயிலுக்கு அது தேவையில்லை. பழைய அவுட்லுக்கை நீக்குமுன் ஃபோல்டர் பட்டியலில் "திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி" என்று எழுதியிருப்பவற்றைக் கட்டாயம் பாருங்கள். தொடர்பு முகவரிகளும் நாள்காட்டியும் அங்கேதான் இருக்கும், சர்வரில் இராது. அவற்றை சிஎஸ்வி கோப்பாக எடுத்து வைத்தபிறகே நீக்கினோம்.

பழையதை மேலே ஏற்றுதல்

தண்டர்பேர்டில் பாப் கணக்கை ஐமேப்பாக மாற்ற பொத்தான் கிடையாது. அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்க்க வேண்டும், இரண்டும் சிறிது காலம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதற்கு முன் பாப் கணக்கில் 14 நாள் விதியை எடுத்து, தானாக மெயில் இறக்கும் இரண்டு டிக்குகளையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு கை ஏற்றுவதை மறு கை வடித்துக்கொண்டே இருக்கும்.

புதிய கணக்குக்கு: ஐமேப் போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை). அனுப்ப போர்ட் 465 எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அல்லது 587 ஸ்டார்ட் டிஎல்எஸ். பயனர் பெயர் முழு முகவரி. எல்லாக் கருவிகளும் அதே ஹோஸ்டிங் சர்வர் வழியாகவே அனுப்ப வேண்டும். போனில் பழைய இணைய நிறுவனத்தின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) இருந்தது. அதன் வழியாகப் போன கடிதம் எந்தச் சர்வர் இந்தப் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் கோயில் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவோடு பொருந்தாததால் பெறுபவரின் ஸ்பாமுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

எவ்வளவு ஏற்றுவது? பெட்டியில் 5 ஜிபிதான். 3.1 ஜிபியையும் ஏற்றினால் நாளைக்கே இடம் நெருக்கும். வரிப் பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அந்த 5 ஆண்டு கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஓடுவதால் 6 ஆண்டு மெயிலை மேலே ஏற்றி, அதற்கு முந்தையதைக் கணினியின் லோக்கல் ஃபோல்டர்ஸில் விடுவது என்று தீர்மானம். ஒரே விலக்கு: மூதாதையரைத் தேடி வந்த கடிதங்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்துப் பதிந்தார்கள். அந்த எண்ணைச் சொல்லி, கோயில் திருமணப் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் உண்டா என்று கேட்டு எழுதுபவர்கள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கடிதத்துக்குப் பத்து ஆண்டு கழித்தும் ஒரு தொடர்ச்சி வரும். அவை எல்லா ஆண்டும் சர்வருக்கே போயின.

ஏற்றும்போது "மூவ்" வேண்டாம், "காப்பி" மட்டும். முதலில் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து ஐந்தே ஐந்து மெயிலை ஏற்றி நான்கு கருவிகளிலும் தேதியைப் பார்க்க வேண்டும். மெயிலுக்கு இரண்டு தேதி உண்டு: எழுதியவர் கருவி முத்திரையிட்டது ஒன்று, சர்வரில் வந்து சேர்ந்தது மற்றது. சில செயலிகள் இரண்டாவதைக் காட்டும். ஏற்றுகிற செயலி பழைய தேதியைச் சேர்த்து அனுப்பாவிட்டால் எல்லாக் கடிதமும் இன்று வந்ததாகத் தெரியும். ஐந்தில் தெரிந்தால் திருத்தலாம். ஐயாயிரத்தில் தெரிந்தால் அழவேண்டியதுதான்.

அதன்பின் முந்நூறு முந்நூறாக. இப்படித் தேர்ந்தெடுத்த 1.9 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற அரைமணி நேரம்கூட ஆகக் கூடாது. மூன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் "வந்தது" என்று சொன்னபிறகே அடுத்தது போவதால், சிறிய மெயில்கள் அதிகமாக இருக்கும்போது இணைய வேகம் உதவாது. முழு ஃபோல்டரையும் ஒரே இழுப்பில் போட்டால் இடையில் இணைப்பு அறுந்ததும் எதுவரை போனது என்று தெரியாது. மறுபடி போட்டால் இரட்டிப்பாகும். முந்நூறு என்றால் எண்ணிப் பார்க்கலாம்: இடப்பக்க ஃபோல்டரில் 300, வலப்பக்கத்தில் 300, அடுத்தது.

சென்ட் ஃபோல்டர் நான்கு

ஏற்றி முடித்து வெப்மெயிலைத் திறந்தபோது பட்டியல் இப்படி இருந்தது: சென்ட், சென்ட் ஐட்டம்ஸ், சென்ட் மெசேஜஸ், சென்ட்-1. கூடவே டிராஷ், டெலீட்டட் ஐட்டம்ஸ், டெலீட்டட் மெசேஜஸ். ஒவ்வொரு கருவியும் தனக்குப் பழக்கமான பெயரில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது புகாரின் வேர் இதுதான். ஐபேட் "டெலீட்டட் மெசேஜஸ்" ஃபோல்டரில் போட்டது, தண்டர்பேர்டின் கண்ணுக்கு டிராஷே அல்ல, இன்னொரு சாதாரண ஃபோல்டர்.

எது சென்ட், எது டிராஷ் என்று சர்வரே அடையாளம் சொல்ல ஐமேப்பில் வழி உண்டு. அதைச் சொல்லும் சர்வரிலும் பழைய கணக்குகள் முன்பு பிடித்ததை விடாது. ஆகவே கையால் ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டும். முதலில் வெப்மெயிலில் சென்ட், டிராஃப்ட்ஸ், டிராஷ், ஜங்க், ஆர்க்கைவ் என்ற ஐந்தை மட்டும் "அதிகாரபூர்வம்" என்று வைத்து, மற்றவற்றில் இருந்ததை அவற்றுக்குள் நகர்த்தினோம். காலியானதை உடனே அழிக்கக் கூடாது. கருவிகளைத் திருத்துமுன் அழித்தால் அடுத்த நிமிடமே அந்தக் கருவி அதைத் திரும்பக் கட்டிவிடும்.

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் கீழே "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்". அங்கே அனுப்பிய நகல் போகும் இடம் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்றிருந்தால் மாற்றி, கோயில் கணக்கின் சென்ட்டைச் சுட்டவும். டிராஃப்ட்ஸுக்கும் அப்படியே. டிராஷ் மட்டும் "சர்வர் செட்டிங்ஸ்" பக்கத்தில் இருக்கும்: "வென் ஐ டெலீட் எ மெசேஜ்" என்ற வரியில் "மூவ் இட் டு திஸ் ஃபோல்டர்". "ஜஸ்ட் மார்க் இட் ஆஸ் டெலீட்டட்" என்பதை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். அது குறுக்குக்கோடு மட்டும் போடும், சில செயலிகளில் மறைந்தும் சிலவற்றில் உயிரோடும் தெரியும்.

ஐபேடில் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெயில், மெயில் அக்கவுண்ட்ஸ், கணக்கின் பெயர், அட்வான்ஸ்டு, மெயில்பாக்ஸ் பிஹேவியர்ஸ். பழைய பதிப்பில் "ஆப்ஸ்" என்ற படி இராது. அங்கே நான்கு வரி. ஒவ்வொன்றையும் தொட்டால் "ஆன் மை ஐபேட்", "ஆன் த சர்வர்" என்று இரண்டு பிரிவு. சர்வர் பிரிவில் உள்ள சரியான ஃபோல்டரில் டிக் வர வேண்டும். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் "ரிமூவ்" என்பது ஒரு வாரத்தில் இருந்தது, அதை "நெவர்" ஆக்கினோம். பலர் பயன்படுத்தும் பெட்டியில் குப்பையைக் கொட்டும் பொறுப்பு ஒரே ஒரு கருவிக்குத்தான் இருக்க வேண்டும்.

போனில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட். 2024 அக்டோபரில் வெளிவந்த இது பழைய கே-9 மெயிலின் வழித்தோன்றல். மேசைக் கணினியின் தண்டர்பேர்டில் க்யூஆர் குறியைக் காட்டி போனால் படித்தால் போர்ட் எண்ணெல்லாம் தட்டாமல் கணக்கு வந்துவிடும். அதன் ஃபோல்டர்ஸ் அமைப்பில் ஐந்தையும் சரிபார்த்தபின், "வென் ஐ டெலீட் எ மெசேஜ்" என்பதை "டெலீட் ஃப்ரம் சர்வர்" ஆக்கவும். டேட்டா காசு மிச்சமாக, ஒரு மெயிலுக்கு முதலில் இறக்கும் அளவைக் குறைத்து வைத்தோம். காவடி விளம்பரத் தாள் 6 எம்பி என்றால், இணைப்பாக மெயிலில் போகும்போது பேஸ்64 வடிவத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 8 எம்பிக்கு மேல் ஆகிறது. திறக்காமலே அது போனில் இறங்க வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தபின் காலி ஃபோல்டர்களை வெப்மெயிலில் அழித்தோம். ஒரு நாள் காத்தோம். எதுவும் திரும்ப முளைக்கவில்லை.

பெயர் வைப்பதில் இரண்டு பொறி

குருக்கள் ஐபேடில் "அர்ச்சனை" என்று தமிழில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். ஐபேடிலும் தண்டர்பேர்டிலும் அழகாகத் தெரிந்தது. சர்வரின் கோப்புப் பட்டியலிலும் ஒரு பழைய காப்பு மென்பொருளிலும் அது & குறியில் தொடங்கி ஹைஃபனில் முடியும் புரியாத எழுத்துக் குவியலாக நின்றது. பழைய ஐமேப்பில் ஆங்கிலமல்லாத ஃபோல்டர் பெயர் மாற்றப்பட்ட யூடிஎஃப்-7 என்ற குறியேற்றத்தில் போகும். பிழை இல்லை, அதன் வேலையே அது. 2021இல் வந்த ஐமேப் பதிப்பு நேராக யூடிஎஃப்-8ஐ ஏற்கிறது, ஆனால் எல்லா சர்வரும் அங்கே வந்துவிடவில்லை. தமிழ்ப் பெயர் வைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. இங்கே ஃபோல்டர்களை ரோமன் எழுத்துக்கு மாற்றியதற்கு வேறு காரணம்: நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் தேவாரம் பாடுவார்கள், தமிழ் எழுத்தை வாசிக்க மாட்டார்கள். பெட்டி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது பொறி புள்ளி. வரிசைப்படி நிற்கட்டும் என்று செயலாளர் "01.மண்டபம்" என்ற பாணியில் பெயரிட்டார். உடனே "01" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் "மண்டபம்" என்று இன்னொன்று. இந்த சர்வரில் புள்ளிதான் மேல் ஃபோல்டரையும் உள் ஃபோல்டரையும் பிரிக்கும் குறி. ஹைஃபன் போட்டதும் சரியானது, எல்லாம் ரோமன் எழுத்தில்: 01-மண்டபம், 02-கணக்கு, 03-திருவிழா, 04-மூதாதையர். நான்கோடு நிறுத்தினோம். முன்பு முப்பத்தொன்று இருந்தன, அவற்றில் பத்தொன்பதில் பத்துக்கும் குறைவான மெயில். எங்கே போடுவது என்று யோசிக்க வைக்கும் பெட்டியில் யாரும் எதையும் போட மாட்டார்கள், எல்லாம் இன்பாக்ஸிலேயே கிடக்கும். தேடுவதற்குத் தேடல் பெட்டி இருக்கிறது. ஃபோல்டர் வேண்டியது, யார் பொறுப்பு என்று காட்டுவதற்கு மட்டும்.

புதிய ஃபோல்டர் ஒரு கருவியில் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். தண்டர்பேர்டில் கணக்கின் பெயர் மேல் வலது சொடுக்கி "சப்ஸ்க்ரைப்" பட்டியலில் டிக் போட்டால் வந்துவிடும்.

மூன்றாவது நாள் போன் செத்தது

இரண்டு கணினியும் ஒழுங்காக ஓட, போனில் மட்டும் "இணைக்க முடியவில்லை". கோயில் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குப் போனால் வேலை செய்தது. அதுவே துப்பு. டவ்காட் ஒரே பயனர், ஒரே ஐபி முகவரியிலிருந்து 10 இணைப்புக்கு மேல் இயல்பில் ஏற்காது. தண்டர்பேர்ட் ஒவ்வொன்றும் வேகத்துக்காக 5 இணைப்பு வரை பிடித்து வைக்கும். இரண்டு கணினி, பத்து இணைப்பு, மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அலுவலகத்தில் எல்லாம் ஒரே ரூட்டர் வழியாகப் போவதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஐபி. சர்வர் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, "மேக்ஸிமம் நம்பர் ஆஃப் சர்வர் கனெக்ஷன்ஸ் டு கேஷ்" என்பதை இரண்டு கணினியிலும் 2 ஆக்கியதும் போன் உயிர்பெற்றது.

இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு கோளாறு உண்டு: பாஸ்வேர்டை மாற்றும் நாள். வெப்மெயிலில் மாற்றியதும் மற்ற நான்கும் பழைய பாஸ்வேர்டோடு விடாமல் கதவைத் தட்டும். சர்வரின் பாதுகாப்பு அதைத் திருட்டு முயற்சி என்று எண்ணி அந்த ஐபியையே பூட்டிவிடும். அப்புறம் மெயில் மட்டுமல்ல, அதே சர்வரில் உள்ள கோயிலின் இணையதளமும் அலுவலகத்திலிருந்து திறக்காது. வெளியே எல்லாருக்கும் திறக்கும். முறை இதுதான்: கணினிகளில் தண்டர்பேர்டை மூடு, போனையும் ஐபேடையும் ஏர்பிளேன் மோடில் போடு, வெப்மெயிலில் பாஸ்வேர்டை மாற்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து புதியதைப் பதி. இரண்டு கணினி, ஒரு போன், ஒரு ஐபேட், கால் மணி நேரம்.

ஒரே பெட்டியில் பலர்

ஐமேப்பில் ஒருவர் படித்தால் எல்லாருக்கும் படித்ததாகிவிடும். தடித்த எழுத்தை நம்பிப் பதில் எழுதினால் பல கடிதம் நழுவும். ஆகையால் நட்சத்திரம்: நட்சத்திரம் இருந்தால் பதில் பாக்கி, பதில் போனதும் எடுத்துவிட வேண்டும். நட்சத்திரக் குறி சர்வரிலேயே நிற்பதால் எல்லாக் கருவியிலும் தெரியும். தண்டர்பேர்டின் வண்ணக் குறிகள் கண்ணுக்கு அழகுதான், ஐபேடில் தெரியாது. மண்டபம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர் முதலில் சென்ட் ஃபோல்டரில் அந்தத் தேதியைத் தேட வேண்டும். இப்போது அந்த ஃபோல்டர் ஒன்றே என்பதால் அதற்கு அர்த்தம் வந்திருக்கிறது.

வடிகட்டும் விதிகளைச் சிபேனலில்தான் வைக்க வேண்டும். தண்டர்பேர்டில் வைத்த விதி அந்தக் கணினி ஓடும்போது மட்டும் வேலை செய்யும். அலுவலகம் பூட்டியிருக்கும் ஞாயிறன்று போனில் எல்லாம் இன்பாக்ஸில் குவியும், திங்கள் காலை கணினியைப் போட்டதும் கண்ணெதிரே மறையும். ஜங்க் வடிகட்டியும் அப்படியே: சர்வரில் ஒன்று போதும், இரண்டு கணினியிலும் நிறுத்திவிட்டோம். விதிகள் மூன்றுதான், எல்லாம் அனுப்புநர் முகவரியை வைத்தே. வங்கியின் பணம் செலுத்திய அறிவிப்பும் நகராட்சிக் கட்டணமும் 02க்குள் போகின்றன. மண்டபப் படிவத்திலிருந்து வருவது 01க்குள்.

ஐபேடில் மெயில் தாமதமாக வருகிறது என்று குருக்கள் சொன்னார். இத்தகைய ஐமேப் கணக்குக்கு ஆப்பிள் மெயில் உடனுக்குடன் அறிவிப்பைப் பிடிக்காது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும்படி வைப்பதே மிகக் குறைந்த இடைவெளி. ஆண்ட்ராய்டில் இணைப்பைத் திறந்தே வைத்து உடனே பெறலாம், பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்தால்.

உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி, வங்கி விவரம் எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் கட்டாயம், கோயிலுக்கும் அது பொருந்தும். போனுக்கும் ஐபேடுக்கும் பின் பூட்டு, மடிக்கணினிக்கு வன்தட்டுக் குறியாக்கம். சிபேனலில் நுழைய இரண்டாம் கட்டச் சோதனையை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் ஆதென்டிகேட்டர் செயலியில் வைத்தோம், ஒருவரின் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடி இந்நாட்டில் அத்தனை பரவலாக நடக்கிறது.

கடைசியாக நகல். ஐமேப் நகல் அல்ல. ஒருவர் தவறி அழித்தால் ஐந்து திரையிலும் ஒரே நேரத்தில் போய்விடும். மேசைக் கணினியில் "சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்" பகுதியில் எல்லா மெயிலையும் கணினியில் வைத்திருக்கும் டிக் போட்டிருக்கிறது. மாதத்தின் முதல் திங்கள், இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆன் வழியாக நான்கு ஃபோல்டரும் சென்ட்டும் இஎம்எல் கோப்புகளாக (மெயிலுக்கு ஒரு கோப்பு) வெளி வன்தட்டுக்குப் போகின்றன. தட்டைப் பிடுங்கியபின் பொருளாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார், அலுவலகத்தில் விடுவதில்லை. பழைய பாப் கணக்கு அந்தக் கணினியில் இன்னும் இருக்கிறது, இறக்கும் வேலை நிறுத்தப்பட்ட நிலையில். அடுத்த ஆண்டுக் கணக்குத் தணிக்கை முடிந்து, எந்தக் கடிதமும் குறையவில்லை என்று உறுதியான பிறகே அதை நீக்க வேண்டும்.